டிக்கன்ஸ் மேடையில் கழித்த ஆண்டுகள் நாவலுக்கு நேர்ந்த இழப்பா?

பொருநைவாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் ஆங்கிலத் துணைப்பாடமாக வந்த சுருக்கப்பட்ட ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ வழியாகத்தான் சார்லஸ் டிக்கன்ஸ் எனக்கு அறிமுகமானார். அதன் பிறகு இருபது ஆண்டுகளாக அவருடைய நாவல்களை முழு வடிவில் ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். அண்மையில், அவருடைய நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்து முடித்தபோது மனத்தில் ஒரு வருத்தம் தங்கிவிட்டது. இங்கே நெடுநாள் வாசகர்கள் பலர் இருப்பதால் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

1836இல் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ தொடங்கியது முதல் 1865இல் ‘அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்’ முடிந்தது வரை அவர் எழுதிய நாவல்கள் 14. அதற்குப் பின் 1870 ஏப்ரல் வரை புதிய நாவல் ஒன்றுகூட வரவில்லை. அந்த இடைவெளியில் அவர் ஊர் ஊராகச் சென்று தம் கதைகளை மேடையில் நடித்துப் படித்துக்கொண்டிருந்தார். 1867 டிசம்பர் முதல் 1868 ஏப்ரல் வரை அமெரிக்காவில் மட்டும் 76 நிகழ்ச்சிகள். கடைசியாகத் தொடங்கிய ‘எட்வின் ட்ரூட்’ 12 பகுதிகளாக வந்திருக்க வேண்டியது. 6 பகுதிகள் எழுதிய நிலையில், 1870 ஜூன் 9 அன்று, 58ஆம் வயதில் அவர் இறந்துவிட்டார். அந்தக் கொலை மர்மத்தின் முடிவு இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இவை தவிர, நண்பர்களைச் சேர்த்து நாடகம் போட்டது, கேலிக்கூத்துகளில் வேடம் கட்டியது, குழந்தைகள் விருந்தில் மந்திரவித்தை காட்டியது, அக்கார்டியன் வாசித்தது என்று ஃபார்ஸ்டரின் நூல் முழுவதும் செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. எழுதுவதற்கென்றே பிறந்த ஒருவர் இவ்வளவு காலத்தையும் உடல் வலிமையையும் கேளிக்கைக்குக் கொடுத்துவிட்டாரே என்ற ஆற்றாமையில்தான் கேட்கிறேன். மேடைப் பித்து அவருடைய எழுத்திலிருந்து எடுத்துக்கொண்டது அதிகமா, எழுத்துக்குக் கொடுத்தது அதிகமா?

மாடவிளக்கு எழுதியது:

பொருநைவாசகி அவர்களுக்கு வணக்கம். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கணக்குப் போட்டேன். பிறகுதான், நான் வரிசையையே தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. டிக்கன்ஸ் நாவலாசிரியராக இருந்து நடிப்பின் பக்கம் போனவர் அல்லர். நடிகராக வேண்டும் என்று ஏங்கி, அது கைகூடாமல் எழுத்துக்கு வந்தவர்.

சாத்தம் என்ற துறைமுக ஊரில் சிறு பையனாக இருந்தபோது, அவரையும் அக்காள் ஃபேனியையும் விடுதி ஒன்றில் மேசைமேல் ஏற்றி நிறுத்தி வேடிக்கைப் பாட்டுகள் பாடவைப்பது அவர்களுடைய தந்தைக்குப் பெருமையாக இருந்தது. இளைஞராக லண்டனில் வேலை பார்த்தபோது, குறைந்தது மூன்று ஆண்டுகள் அநேகமாக நாள்தோறும் நாடகக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். சார்லஸ் மேத்யூஸ் என்ற நகைச்சுவை நடிகரை அவர் தவறவிடுவதே இல்லை. மேத்யூஸ் தனி ஆளாக மேடையில் நின்று, குரலையும் நடையையும் மாற்றி மாற்றி, ஒரே மாலையில் பல பேராக ஆகிக் காட்டுவார். டிக்கன்ஸ் அந்த நிகழ்ச்சிகளில் மூன்று நான்கை மனப்பாடம் செய்து, அறையைச் சாத்திக்கொண்டும் வயல்வெளியில் நடந்துகொண்டும் ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து, ஆறு மணி நேரம் பயிற்சி செய்தார். உள்ளே நுழைவதையும் நாற்காலியில் உட்காருவதையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

1832இல் அவருக்கு வயது 20. கோவென்ட் கார்டன் கொட்டகையின் மேடை நிர்வாகிக்குத் தம்மைச் சோதித்துப் பார்க்கும்படி கடிதம் எழுதினார். நாளும் குறித்துக் கொடுத்தார்கள். பாட்டுகளுக்குப் பியானோ வாசிக்க ஃபேனி உடன் வருவதாக ஏற்பாடு. குறித்த நாளில் கடும் சளி பிடித்து முகம் வீங்கிவிட்டதால் அவரால் போக முடியவில்லை. அடுத்த பருவத்தில் வருகிறேன் என்று எழுதிப் போட்டார். அதற்குள் நாடாளுமன்ற நிருபராகப் பெயர் எடுத்துவிட்டார். அந்தப் பருவம் வரவே இல்லை. நான் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் சற்று நேரம் நூலை மூடி வைத்துவிடுவேன். அந்தச் சளி மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல நடிகர் கிடைத்திருப்பார்; அவர் பெயர் இன்று யாருக்கும் நினைவிருக்காது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் அவருடைய மகள் மேமி எழுதிவைத்த ஒரு நினைவில் இருக்கிறது. மேமி உடல்நலம் இல்லாமல் இருந்த ஒரு சமயம், தந்தை எழுதும் அறையிலேயே சாய்வணையில் படுத்திருக்க அனுமதி கிடைத்தது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் படுத்துக் கிடக்கிறாள். மும்முரமாக எழுதிக்கொண்டிருந்த தந்தை திடீரென்று எழுந்து கண்ணாடிக்கு ஓடுகிறார். கண்ணாடி முன் முகத்தை ஏதேதோ விதமாகக் கோணிக்கொள்கிறார். மேசைக்கு ஓடி வந்து சில நிமிடம் விறுவிறுவென்று எழுதுகிறார். மறுபடியும் கண்ணாடி. பிறகு மகள் பக்கம் திரும்பி, ஆனால் அவளைப் பார்க்காமலே, தாழ்ந்த குரலில் வேகவேகமாக ஏதோ பேசுகிறார். மறுபடியும் மேசை. தாம் எழுதிய ஆளாகவே அவர் அந்நேரத்தில் மாறியிருந்தார் என்பது பெரியவளான பிறகுதான் தனக்கு விளங்கியது என்கிறார் மேமி.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் வரும் மிக்காபரின் பேச்சைப் படித்துப் பாருங்கள். அலங்காரமாக நீண்டுகொண்டே போகும் வாக்கியம் மூச்சுத் திணறும் இடத்தில் ‘சுருங்கச் சொன்னால்’ என்று அறுந்து, நாலே சொல்லில் உண்மை வெளியே விழும். அதே நாவலின் யூரியா ஹீப் பேசும்போது உடம்பு பாம்பு போல நெளிந்துகொண்டே இருக்கும். ‘பிக்விக்’ நாவலின் ஜிங்கிள் வாக்கியமே முடிக்காமல் துண்டு துண்டாகப் பேசுவான். மனிதரின் உடம்பும் மூச்சும் முதலில் வந்து, சொற்கள் பின்னால் வந்திருப்பதை நம் காதே சொல்லிவிடும். 1858இல் நாடகக் கலைஞர் நிதிக்கான விருந்து ஒன்றில் பேசும்போது, புனைகதை எழுதும் ஒவ்வொருவரும் நாடக வடிவத்தைக் கையாளாவிட்டாலும் உண்மையில் மேடைக்காகவே எழுதுகிறார் என்று அவர் சொன்னார். எல்லா எழுத்தாளருக்கும் அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. அவரைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

சுதிப்பெட்டி எழுதியது:

நண்பர் மாடவிளக்கு நடிப்பைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். இசையைப் பற்றி மட்டும் நான் சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

டிக்கன்ஸ் பயின்ற இசைக்கலைஞர் அல்லர். முறையாக இசை கற்றவர் ஃபேனி. 1823இல் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டிருக்க, 12 வயதுத் தம்பி காலணி மெருகு தயாரிக்கும் பட்டறையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். ஃபேனி பரிசு வாங்கும் நாளில் அவையில் உட்கார்ந்து அழுததை அவர் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். அதில் பொறாமை இல்லை என்றும் சொல்கிறார். இசை அவருக்கு எட்டாத ஒரு வீட்டின் வெளிச்சமாகவே கடைசிவரை இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1836இல், அதாவது ‘பிக்விக்’ வந்துகொண்டிருந்த அதே ஆண்டில், ஜான் ஹல்லா இசையமைத்த ‘தி வில்லேஜ் கொக்கெட்ஸ்’ என்ற நகைச்சுவை இசை நாடகத்துக்கு உரையாடலும் பாட்டும் எழுதினார். ஹல்லா ராயல் அகாடமியில் ஃபேனியுடன் படித்தவர். அந்த நாடகம் நிலைக்கவில்லை. பின்னாளில் அவரே அதை நினைவுபடுத்துவதை விரும்பவில்லை.

அக்கார்டியன் கதை வேறு வகையானது. 1842 ஜனவரியில் அவரும் மனைவி கேத்தரினும் நான்கு சிறு பிள்ளைகளை லண்டனில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். கப்பல் பணியாளர் ஒருவர் கொடுத்த அக்கார்டியனை வாசித்துப் பெண்கள் அறையில் இருந்தவர்களை மகிழ்வித்தார். அமெரிக்காவில் தாமே ஒன்று வாங்கினார். ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ பாட்டை ஒவ்வோர் இரவும் வாசிப்பதாகவும், அது இருவருக்கும் இன்பமான ஒரு துயரத்தைத் தருவதாகவும் ஃபார்ஸ்டருக்கு எழுதினார். நம் ஆர்மோனியத்தைப் போலவே அக்கார்டியனிலும் துருத்திக் காற்றில் உலோக நாக்குகள் அதிர்ந்துதான் ஒலி எழுகிறது. மாலை நேரத்தில் தனியாக ஆர்மோனியத்தை மடியருகே வைத்துத் தெரிந்த ஒரே பாட்டை வாசித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடிதம் விளக்கமில்லாமலே புரியும். இதில் எழுத்துக்கு என்ன லாபம் என்று நான் கேட்க மாட்டேன். பிள்ளைகளைப் பிரிந்திருந்த ஒரு தந்தைக்கு அது வேண்டியிருந்தது.

மூன்றாம்மணி எழுதியது:

முப்பது ஆண்டுகளாக, அலுவலக வேலை போக மீதி நேரத்தில் நாடகம் போட்டு வருபவன் நான். ஆகவே மேடைக்காரன் கண்ணால் சில செய்திகளைச் சொல்கிறேன்.

டிக்கன்ஸ் நாடகத்தைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. 1845 செப்டம்பரில் பென் ஜான்சனின் நகைச்சுவை நாடகத்தில் பொபடில் என்ற வாய்ச்சவடால் படைவீரனாக நடித்தார். நடித்ததோடு, ஒத்திகை, உடை, மேடைத் தட்டி, விளம்பரம் எல்லாமே அவர் பொறுப்புதான். 1851இல் விக்டோரியா அரசியார் முன்னிலையில் தொடங்கிய நாடக வரிசை, வறுமையில் வாடும் எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் நிதி திரட்டுவதற்காக நடந்தது. அதில் சேர்த்த ஒரு கேலிக்கூத்தில் டிக்கன்ஸ் ஒருவரே பல வேடங்களில் வந்து போனார். இளமையில் மேத்யூஸைப் பார்த்து மனப்பாடம் செய்தது அங்கே கைகொடுத்திருக்கும்.

1857இல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி ஃப்ரோசன் டீப்’ முக்கியமானது. பனிப்பிரதேசத்தில் சிக்கிய ஒருவன், தான் காதலித்த பெண் விரும்பும் இன்னொருவனைக் காப்பாற்றிவிட்டுத் தான் இறந்துபோகிறான். அந்த வேடம் டிக்கன்ஸுக்கு. முதலில் தம் வீட்டிலேயே மேடை கட்டி நடித்தார். பிறகு காலமான நண்பர் டக்ளஸ் ஜெரால்டின் குடும்பத்துக்கு நிதி சேர்க்க மான்செஸ்டரின் பெரிய மண்டபத்தில் நடித்தார். அவர் இறந்து கிடக்கும் காட்சியில் உடன் நடித்த நடிகை மரியா டெர்னன் அடக்க முடியாமல் உண்மையாகவே அழுதார். ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலின் முன்னுரையில், இந்த நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோதுதான் கதையின் மூலக் கருத்து தோன்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த நாவலில், தான் காதலித்த பெண்ணின் கணவனைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கும் சிட்னி கார்ட்டன் பிறந்த இடம் ஒரு மேடை. பொருநைவாசகி அவர்கள் கேட்ட வரவு செலவில் இந்த ஒரு நாவலை முதலில் வரவில் எழுதிவிடலாம்.

மேடை வாசிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசிப்பு என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நம் ஊரில் கதாகாலட்சேபம் கேட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: ஒரே பாகவதர் இராமனாகவும் கூனியாகவும் குகனாகவும் மாறுவாரே, அதைப் போன்றது. பாட்டும் பக்கவாத்தியமும் மட்டும் இல்லை. அவரே வடிவமைத்த இடுப்புயர மேசை, பின்னால் அடர்ந்த செந்நிறத் திரை, முகத்தின் மேல் விழும் எரிவாயு விளக்குகள், ஒரு தண்ணீர்க் குவளை, தாள் வெட்டும் கத்தி, ஒரு நூல்; அவ்வளவுதான் மேடை. அந்த நூலும் பெரும்பாலும் தேவைப்படவில்லை, எல்லாம் மனப்பாடம்.

அந்த நூல்களில் சில இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ நூலைத் தாள் தாளாகப் பிரித்து, அகலமான வெற்றுத்தாள்களில் ஒட்டி, அதில் கதையை வெட்டிக்கொண்டே போயிருக்கிறார். முதலில் ஏறத்தாழ 3 மணி நேரம் பிடித்த வாசிப்பு பிற்பாடு ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. தாம் எழுதிய நல்ல வருணனைகளைத் தாமே அடித்திருக்கிறார். அந்த வேலையை அவருடைய முகம், குரல், கை ஆகியவை செய்துவிடும் என்பதால் சொற்கள் மிகையாகிவிட்டன. ஓரங்களில் ‘மர்மம்’, ‘செய்கை’ என்பன போன்ற குறிப்புகளைத் தம் கைப்பட எழுதியிருக்கிறார். எங்கள் நாடகப் பிரதிகளின் ஓரத்திலும் இப்படித்தான் கிறுக்கி வைத்திருப்போம்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் நாங்கள் நடித்துக்கொண்டிருந்தபோது பாதியில் மைக் நின்றுவிட்டது. 400 பேர் இருந்த அரங்கில் நான்காவது வரிசையைத் தாண்டி எங்கள் குரல் போகவில்லை. நகைச்சுவைக் காட்சி முழுவதும் ஒரு சிரிப்புக்கூட எழாமல் முடிந்தது. டிக்கன்ஸ் 2,000 பேர் வரை இருந்த மண்டபங்களில் பேசினார். ஒவ்வொரு புதிய மண்டபத்திலும் பகலில் போய் மேசையருகே நின்றுகொண்டு, மேலாளர் ஜார்ஜ் டால்பியை மூலைக்கு மூலை நடக்கச் சொல்லி, தாழ்ந்த குரலில் அவருடன் பேசிப் பார்ப்பார். எல்லா மூலையிலும் கேட்டால்தான் இரவு நிகழ்ச்சிக்கு மனம் ஒப்பும்.

திண்ணைவாசகர் எழுதியது:

நண்பர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பொருநைவாசகி அவர்களுடைய வருத்தத்தில் இருக்கும் நியாயத்தை நாம் தாண்டிப் போய்விடக் கூடாது.

1853 டிசம்பரில் பர்மிங்காமில் நடந்த முதல் பொது வாசிப்புகள் ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி சேர்ப்பதற்காக நடந்தவை. அவற்றில் ஒன்றுக்கு, உழைக்கும் மக்கள் குறைந்த கட்டணத்தில் வர வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். 1858 ஏப்ரல் 29 முதல் தமக்காகவே பணம் வாங்கிப் படிக்கத் தொடங்கினார். ஃபார்ஸ்டர் இதைக் கடுமையாக எதிர்த்தார். எழுத்தாளனின் மதிப்புக்கு அது குறைவு என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. உழைத்துப் பெற்ற பணத்தில் இழிவு இல்லை. அமெரிக்கப் பயணத்தில் மட்டும் செலவு போக ஏறத்தாழ 19,000 பவுன் கிடைத்தது. பெரிய குடும்பம், பிரிந்து வாழ்ந்த மனைவி, பல பேரின் பிழைப்பு எல்லாம் அவர் தலையில் இருந்தன. 1860–61இல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ வந்ததும் இந்த வாசிப்புக் காலத்துக்கு நடுவில்தான். ஆகவே மேடை ஏறியதனாலேயே பேனா நின்றது என்று சொல்ல முடியாது. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேப்பிள்ஹர்ஸ்டில் அவர் பயணம் செய்த ரயில் பாலத்தில் தடம்புரண்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடிபட்டவர்களுக்கு நடுவே அவர் தொப்பியில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ரயில் பயணம் என்றாலே அவருக்கு நடுக்கம்; அப்படியும் ஊர் ஊராக ரயிலில்தான் போனார்.

என் மனம் ஒப்பாதது ஒன்றே ஒன்று: 1869 ஜனவரி முதல் அவர் பொதுமேடையில் நடித்துக் காட்டிய, ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் பில் சைக்ஸ் நான்சியை அடித்துக் கொல்லும் காட்சி. அந்தப் பிரதியின் ஓரத்தில் ‘முடிவு வரை அச்சம்’ என்று குறித்துவைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் கொலையாளியாகவும் கொலையுண்டவளாகவும் அவரே மாறினார். 72 ஆக இருந்த நாடித் துடிப்பு அந்த வாசிப்புக்குப் பின் 112க்கும் அதற்கு மேலும் ஏறியதை மருத்துவர் குறித்துவைத்தார். பயணத்தில் இந்தக் காட்சியின் எண்ணிக்கையையாவது குறைத்துக்கொள்ளலாம் என்று டால்பி ஓர் இரவு உணவின்போது சொன்னதற்கு, டிக்கன்ஸ் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டு உடையும்படி போட்டுவிட்டுக் கத்தினார். அடுத்த நொடி அழுதுகொண்டே அவரைத் தழுவிக்கொண்டார். 1869 ஏப்ரலில் உடல் முற்றிலும் தளர்ந்து பயணம் பாதியில் நின்றது. அப்படியும் 1870இல் லண்டனில் 12 விடைபெறும் வாசிப்புகள். கடைசி நாள் மார்ச் 15. மூன்று மாதத்துக்குள் மறைந்துவிட்டார்.

வீட்டு மேடையும் வேடிக்கைப் பாட்டும் கேலிக்கூத்தும் அவரை வளர்த்தன. இந்த ஒரு காட்சி அவரைத் தின்றது. இரண்டையும் ‘மேடைப் பித்து’ என்ற ஒரே பெயரில் அடக்குவதுதான் பிழை என்று கருதுகிறேன்.

பொருநைவாசகி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கண்ணாடி முன் நின்ற தந்தையைப் பற்றி மேமி எழுதியதை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை; அதைப் படித்தது முதல் மிக்காபரின் குரல் காதிலேயே இருக்கிறது. திண்ணைவாசகர் பிரித்துக் காட்டியதும் எனக்கு ஏற்புடையது. ஆனாலும் ‘எட்வின் ட்ரூட்’ நாவலின் மீதி 6 பகுதிகளுக்காக நான் வருந்துவதை நிறுத்தப் போவதில்லை. அதை மட்டும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம்மணி அவர்களின் பதிலைப் படித்த பிறகு ஒரு சோதனை செய்து பார்த்தேன். டிக்கன்ஸ் மேடையில் அடிக்கடி படித்த பகுதிகளில் ஒன்று ‘பிக்விக்’ நாவலின் நீதிமன்ற விசாரணை. அதை நேற்றிரவு என் தந்தைக்கு, தமிழில் சொல்லிக்கொண்டே, உரக்கப் படித்தேன். அவர் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; இந்த நாவலை அறியாதவர். சாட்சிக் கூண்டில் ஏறிய, பிக்விக்கின் நண்பர் விங்கிள் தம் பெயர் நத்தானியல் என்கிறார். நீதிபதி டேனியல் என்று எழுதிக்கொண்டு, வேறு பெயர் உண்டா என்கிறார். நத்தானியல் என்று சாட்சி மறுபடி சொல்ல, நத்தானியல் டேனியலா, டேனியல் நத்தானியலா என்று கேட்கிறார். டேனியலே இல்லை, நத்தானியல் மட்டும்தான் என்று சாட்சி கெஞ்ச, “நீர் சொல்லாமல் என் குறிப்பில் டேனியல் எப்படி வந்தது?” என்று அதட்டுகிறார். இருபது ஆண்டுகளில் இந்தப் பக்கத்தை நான் நான்கு முறையாவது மௌனமாகப் படித்திருப்பேன். புன்னகையோடு கடந்து போயிருக்கிறேன். நேற்று நீதிபதிக்கு ஒரு குரலும் சாட்சிக்கு ஒரு குரலும் தானாகவே வந்துவிட்டன. தந்தை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். குறிப்பேட்டில் ஏறிவிட்ட பெயரை எதிர்த்து எந்தச் சாட்சியும் வென்றதில்லை என்று சொல்லிவிட்டு, நீதிபதி அதட்டும் இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.